மஞ்சள் ஜப்பான் நூலும் கறுப்புக் கம்பளியும்

தொப்பூர்க் கணவாயில் ஆண்பிள்ளை ஒருவர் உட்கார்ந்து நூல் பின்னுகிறார் என்றால், அந்தக் காலத்தில் தருமபுரி வரைக்கும் யாரைச் சொல்கிறோம் என்று தெரிந்துவிடும். பச்சியப்பன். சாலை போடும் கூலிகளின் சாமான் கொட்டகைக்குக் காவல்காரர். கடப்பாரை, மண்வெட்டி, தார் டின் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, இடது காலை நீட்டிக்கொண்டு, இரண்டு எஃகு ஊசிகளைத் தட்டிக்கொண்டிருப்பார். பார்க்கிறவனுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். வந்த சிரிப்பை யாரும் அடக்கிக்கொண்டதில்லை. அடக்கச் சொல்லி அவரும் கேட்டதில்லை.

முதல் உலகச் சண்டையில் கோவேறு கழுதை ஓட்டப் போனவர் அவர். பஸ்ராவில் சுமையோடு ஒரு கழுதை சரிந்து காலின்மேல் விழுந்தது. எலும்பு முறிந்து பம்பாய் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். சும்மா கிடந்தால் புத்தி கெட்டுவிடும் என்று அங்கிருந்த வெள்ளைக்கார நர்ஸ், படுக்கையில் கிடந்த ஆட்களுக்கெல்லாம் ஊசியும் நூலும் கொடுத்துப் பின்னக் கற்றுக்கொடுத்தாள். மற்றவர்கள் இரண்டு வரிசை போட்டுப் பார்த்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள். பச்சியப்பன் ஒரு ஜோடி காலுறையை முடித்துவிட்டு அடுத்ததற்கு நூல் கேட்டார். ஊருக்குத் திரும்பியபோது கால் சற்றே குட்டையாகியிருந்தது. பைக்குள் அந்த இரண்டு ஊசிகளும் இருந்தன. சண்டைக்குப் போனவன் துப்பாக்கி கொண்டுவருவான் என்று பார்த்தால் ஊசி கொண்டுவந்திருக்கிறானே என்று ஊரே பேசியது.

செல்லியைப் பெண் கேட்டபோது இதையெல்லாம் சொல்லித்தான் கேட்டார்களா தெரியாது. சொல்லியிருக்க மாட்டார்கள். செல்லி கெட்டவள் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேற்கொண்டு கேட்கும்போது நீங்கள் அவளைத் திட்டக்கூடும். தாய் இல்லாத வீட்டில், கடைசித் தம்பி தர்மனை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தவள். காட்டு வேலையில் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்வாள். ஆனால் ரோஷக்காரி. களை வெட்டுகிற இடத்தில் எவளாவது, "உங்க வூட்டுக்காரரு ஒனக்குப் பாவாட பின்னிக் குடுத்தாராடி?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அதனால் புருஷன் பின்னிய எதையும் அவள் உடம்பில் போட்டதில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் கொடியில் தொங்கும் குல்லாவையோ மப்ளரையோ பார்த்து இது ஏது என்று கேட்டால், "பெங்களூர்ல வாங்குனது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

பச்சியப்பனுக்குக் காணி நிலம் வேண்டும், கல்வீடு வேண்டும் என்றெல்லாம் ஆசை இல்லை. நாலு பேர் முன்னால், 'இது எங்க வூட்டுக்காரரு பின்னுனது' என்று செல்லி ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

ஆசைக்கு நடுவே அவசியமும் ஒன்று இருந்தது. செல்லிக்கு இழுப்பு. ஐப்பசி பிறந்து கணவாய்க் காற்று திரும்பினால் போதும், அவள் நெஞ்சுக்குள் ஏதோ விசில் ஊதுகிற மாதிரி சத்தம் கேட்கும். மார்கழியில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். நெஞ்சுக்கு ஒரு கதகதப்பு வேண்டும் என்று பச்சியப்பன் எத்தனையோ முறை சொன்னார். கம்பளி குத்துகிறது, ஆட்டு நாற்றம் அடிக்கிறது என்று அவளும் அத்தனை முறை சொன்னாள். கம்பளிமேல் அவளுக்கு இருந்த கோபத்தில் பாதி அதைப் பின்னுகிற கையின்மேல் இருந்த வெட்கம் என்பது அவருக்குத் தெரியும்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் இருவரும் தருமபுரிக்குப் போயிருந்தார்கள். நூல் கடை வெங்கடாசலம் செட்டியார் புதுச் சரக்கு ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டார். வெயிலில் அது மின்னியது. செல்லி கை நீட்டித் தடவிப் பார்த்தாள்.

"இது என்னங்க, பட்டா?"

"பட்டு மாதிரிம்மா. ஜப்பான்காரன் மரத்தக் கூழாக் காச்சி இழுத்த நூலு. இதுல பூச்சியும் இல்ல, பருத்தியும் இல்ல. எப்படி வழவழன்னு இருக்குது பாரு."

செல்லி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் புருஷன் பக்கம் திரும்பி, பதினாறு வருஷத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"இதுல எனக்கு ஒரு சட்ட பின்ன முடியுமாங்க? முழுக் கை வெச்சு?"

பச்சியப்பனுக்குக் காதில் விழுந்தது நிஜம்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் நூலைக் கண்டால் செய்கிற பழக்கத்தை அவர் கை விடவில்லை. ஒரு இழையைப் பிய்த்து, காய்ந்தபடி இழுத்துப் பார்த்தார். விரலை அறுத்ததே தவிர அறுபடவில்லை. அதையே வாயில் வைத்து எச்சிலில் நனைத்து இழுத்தார். மெதுவாக நீண்டு, சத்தமில்லாமல் அறுந்தது. கையில் பிடித்தால் சில்லென்று வேறு இருந்தது. குளிருக்கு ஆகாத நூல், தண்ணீருக்கும் ஆகாத நூல். அவர் வாயைத் திறந்தார். அதற்குள் செல்லி கலர் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"மஞ்சளே எடுங்க. ஆடியில மாரியம்மன் பண்டிக வருதில்ல, மஞ்சத்தண்ணி பட்டாலும் தெரியாது."

அந்தப் பக்கத்துப் பண்டிகையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாரியம்மன் பண்டிகையின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. கொழுந்தன், மாமன் மகன் என்று முறை உள்ளவர்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் துரத்துவார்கள். பெண்கள் அன்றைக்கு நல்ல துணியைப் பெட்டியில் பூட்டிவிட்டு, கந்தலைக் கட்டிக்கொள்வார்கள். செல்லி மட்டும் அன்றைக்குப் பளபளவென்று நிற்கப்போகிறாள். யார் ஊற்றினாலும் மஞ்சள்மேல் மஞ்சள்தானே. கணக்கு ரொம்பச் சரி. நிறத்துக்குப் போட்ட கணக்கை அவள் நூலுக்குப் போடவில்லை. போட்டவர் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்று கேட்டால், பேச மனசு வரவில்லை. இலை போட்ட பிறகு பசித்தவன் சோறு குழைந்திருக்கிறது என்று சொல்வானா? வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த நூல் ஊசியில் நிற்காது, வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு கண்ணியை எடுத்தால் இரண்டு கண்ணி நழுவும். கொட்டகைக்குள் உட்கார்ந்து, நூலைத் திட்டிக்கொண்டே, ஆனால் சந்தோஷமாகப் பின்னி முடித்தார்.

பண்டிகையன்று அதைப் போட்டுக்கொண்டு செல்லி தெருவில் இறங்கியபோது, பார்த்த பெண்கள் எல்லாம் கிட்டே வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஏதுடி இது என்று கேட்டார்கள். பச்சியப்பன் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். இப்போது சொல்லிவிடுவாள் என்று அவர் உடம்பெல்லாம் காதாக நின்றார்.

"பெங்களூர்ல வாங்குனது" என்றாள் செல்லி.

பச்சியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் பக்கம் நடந்துவிட்டார். அதனால் அவருடைய தம்பி ஆண்டி பின்னாலிருந்து பித்தளைக் குடத்தோடு ஓடிவந்ததை அவர் பார்க்கவில்லை. பெண்கள் போட்ட சிரிப்புச் சத்தத்தில்தான் திரும்பிப் பார்த்தார்.

ஒரு குடம் தண்ணீரையும் குடித்துவிட்டு அந்தச் சட்டை தொங்க ஆரம்பித்திருந்தது. இடுப்பில் இருந்த விளிம்பு தொடைக்கு வந்தது, தொடையிலிருந்து முழங்காலுக்கு வந்தது. கை இரண்டும் விரல்களைத் தாண்டி, யானைத் தும்பிக்கை மாதிரி ஆடின. செல்லி தூக்கிப் பிடித்தாள். பிடித்த பக்கம் நின்றது, பிடிக்காத பக்கம் இன்னும் இறங்கியது.

"அண்ணி, பெங்களூர்ல அளவு சொல்லி வாங்கலியா? நாளைக்கு நல்லம்பள்ளி வரைக்கும் வந்துரும் போலிருக்குதே" என்றான் ஆண்டி. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கொழுந்தன் கேலி செய்யாவிட்டால் பண்டிகை எதற்கு? ஆனால் தெரு முழுக்கச் சிரித்தது. செல்லி அவசரத்தில் விளிம்பைச் சுருட்டிப் பிழிந்தாள். ஈர நூல் தோள்பக்கம் அறுந்து பிரிந்தது. அப்படியே கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் பச்சியப்பனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போடவில்லை. காய்ந்ததும் அதை அடுப்புச் சட்டி இறக்குகிற துணியாக வைத்துக்கொண்டாள். "இனிமே எனக்குன்னு அந்த ஊசிய எடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். எச்சிலில் நனைத்துப் பார்த்த அன்றைக்கே தெரியும் என்று அவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டது ஒரு விதத்தில் புத்திசாலித்தனம்.

கார்த்திகையில் இழுப்பு வந்தது. அந்த வருஷம் மோசம். அடுப்பு ஊதக் குனிந்தால் நிமிர முடியவில்லை. பச்சியப்பன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கணவாய்க்குக் கீழே கொல்லைக்காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த பீரப்பனிடம் போனார். பீரப்பன் குரும்பர்; வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். ஆட்டு மயிரைக் கத்தரித்து, நூற்று, கம்பளி நெய்வது அவர்கள் தொழில்.

"கம்பளிக்கு நூலு வேணுமா அண்ணா? புளியங்கொட்டைக் கஞ்சி போட்டுத் தரட்டா? நல்லா விறைப்பா நிக்கும்."

"கஞ்சி வேணாம்ப்பா. விறைப்பே வேணாம். குட்டிக்கு மொத மொத கத்தரிச்ச மயிரு இருக்குதா? அத உங்க வூட்ல மெலிசா நூத்துக் குடுப்பாங்களா?"

"அது கறுப்புத்தான் இருக்குது. வெள்ளை பேடவா?"

"நெறம் பேடா" என்றார் பச்சியப்பன், வேண்டாம் என்பதை அவன் பேச்சிலேயே.

வாங்கி வந்த நூலைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில், வெதுவெதுப்பு தாண்டாமல், ஆட்டு நாற்றம் போகிற வரைக்கும் அலசினார். சூடு ஏறினால் கம்பளி சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும். கையை விட்டுப் பார்த்துக்கொண்டே செய்தார். ஒரு இழையை எச்சிலில் நனைத்து இழுத்தார். பிடிவாதமாக நின்றது. ஆனாலும் கழுத்தில் பட்டால் குத்தும். வெள்ளைப் பருத்தி நூல் வாங்கி, கழுத்துப் பட்டையும் மணிக்கட்டும் மட்டும் அதில் போட்டார். தோலில் படுகிற இடத்துக்குப் பருத்தி, நெஞ்சுக்குக் கம்பளி. பார்வைக்கு அது அண்டங்காக்கைக்குச் சுண்ணாம்பு தடவின மாதிரி இருந்தது. இந்தத் தடவை அவர் பார்வையைப் பற்றிக் கவலைப்படவில்லை.

முடித்ததைக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். ஒரு வாரம் அது அங்கேயே தொங்கியது. அப்புறம் ஒரு விடியற்காலை பச்சியப்பன் கண் விழித்தபோது, செல்லி அதைப் போட்டுக்கொண்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நெஞ்சு விசில் அடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், அடித்தது. ஆனால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு குளிருக்கும் அதைப் போட்டாள், வீட்டுக்குள் மட்டும். வாசலில் யாராவது கூப்பிட்டால் சட்டென்று கழற்றிக் குதிருக்குப் பின்னால் திணித்துவிட்டுத்தான் வெளியே வருவாள். வெளியே நின்று பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். பச்சியப்பன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். திருட்டுச் சாமானை ஒளிக்கிற மாதிரி தன் கை வேலையை ஒளிக்கிறாளே என்று அவருக்கு வேதனையாகத்தான் இருந்தது. ஆனாலும் போடுகிறாள். அதையாவது கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இருந்தார்.

நாற்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் தர்மனுக்குக் கல்யாணம். பெண் ஊர் அரூருக்கு அந்தப் பக்கம், சித்தேரி மலை அடிவாரம். அங்கே கோயிலில் வைத்துத் தாலி கட்டுவது என்று பேச்சு. தர்மனுக்குத் தாய் ஸ்தானத்தில் இருந்தவள் செல்லி. மணப்பெண்ணுக்குப் பின்னால் விளக்குப் பிடிக்கிற நாத்தனாரும் அவள்தான், மூன்றாவது முடிச்சுப் போடுகிறவளும் அவள்தான். இதற்காகப் பல நாளாகப் பூரித்துப்போயிருந்தாள். கிளம்பும்போது கம்பளியைக் குதிருக்குப் பின்னாலேயே விட்டுவிட்டு, பட்டுச் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டாள். பச்சியப்பன் அதை எடுத்து மடித்துத் தன் பையில் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். பெட்ரோல் கிடைக்காத சண்டைக் காலம், அடுப்புக்கரி போட்டு ஓட்டுகிற பஸ்தான். அந்தப் புகையிலேயே அவளுக்கு நெஞ்சு பிடித்துக்கொண்டது.

முகூர்த்தம் விடிகிற நேரத்தில். மலையிலிருந்து இறங்கிய பனி கோயில் வாசலில் பந்தலுக்குள்ளேயே நின்றது. போதாததற்கு மணவறையில் ஈரச் சுள்ளி போட்டு மூட்டிய ஓமப் புகை. செல்லி பட்டுச் சேலையில், விளக்கைப் பிடித்துக்கொண்டு, பெண்ணுக்குப் பின்னால் நின்றாள். ஆண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த பச்சியப்பனுக்கு அவள் தோள் ஏறி இறங்குவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் மேளத்தைத் தாண்டிக் கேட்டது. விளக்குச் சுடர் ஆடியது. அது அணைந்தால் அபசகுனம் என்று அவளைக் காலமெல்லாம் பேசுவார்கள். தர்மன் மாலையோடு திரும்பித் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

பச்சியப்பன் பையின்மேல் கையை வைத்தார். எழுந்து போய் நீட்டிவிடலாம். ஆனால் இரண்டு ஊர் ஜனமும் பார்க்க, தம்பி கல்யாணத்தில், எதை ஒளித்து ஒளித்து வைத்தாளோ அதைக் கொண்டுபோய் விரித்தால், அவள் பிறகு தன் முகத்தைப் பார்ப்பாளா? நீட்டாவிட்டால் அவள் மூச்சு? இடம் விட்டு எழவும் முடியாமல், கையை எடுக்கவும் முடியாமல் அப்படியே இருந்தார். இந்தக் கல்யாணத்துக்கு வராமலே இருந்திருக்கலாம் என்று கூட அவருக்குத் தோன்றியது.

செல்லிதான் திரும்பினாள். கூட்டத்தில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"ஏங்க. அது... கொண்டாந்தீங்களா?"

அவர் எழுந்தார். நொண்டிக்கொண்டு பந்தலைக் கடந்து போய்ப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒருத்தி விளக்கை வாங்கிப் பிடிக்க, செல்லி அதற்குள் கையை நுழைக்கப் போனாள். அதற்குள் பெண்ணின் பெரியம்மா மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தாள். அவர்கள் வழக்கத்தில், மணவறையில் நிற்கிறவர்கள் உடுத்தியிருப்பது மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். செல்லியின் பட்டையும் முந்தின நாளே முக்கிக் காயவைத்திருந்தார்கள்.

"நனைக்காத துணியோட இங்க நிக்கக் கூடாதும்மா. குடு, முக்கித் தாரேன்."

பச்சியப்பன் வேண்டாம் என்று கையை நீட்டினார். ஈரக் கம்பளியைப் போடுவதும் கிணற்றில் இறங்குவதும் அந்தப் பனியில் ஒன்றுதான். அவர் சொல்வதற்கு முன்னால், மணவறைக்கு அருகில் உட்கார்ந்திருந்த பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் கையை ஆட்டினார்.

"ஏம்மா, அது கம்பளி. கம்பளிக்குத் தீட்டும் கெடையாது, தண்ணி காட்டவும் வேணாம். நூலா பட்டா இருந்தாத்தான் அதெல்லாம். போடட்டும் வுடு."

சொம்பு பின்வாங்கியது. செல்லி போட்டுக்கொண்டாள். பட்டுச் சேலைக்குமேல் கறுப்பும் வெள்ளையுமாக அது எவ்வளவு அசிங்கமாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கைத் திரும்ப வாங்கி இரண்டு கையாலும் பிடித்தாள். பெரியம்மா விடுகிற ஆளாகத் தெரியவில்லை. கழுத்துப் பட்டையைத் தொட்டுப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "யாரு பின்னுனது இது?" என்றாள்.

செல்லி மூச்சை இழுத்தாள்.

"இவரு."

அவ்வளவுதான் சொன்னாள். முகவாயால் பச்சியப்பனைக் காட்டினாள். ஜனம் திரும்பி அவரைப் பார்த்தது. சிலர் சிரித்திருப்பார்கள், அவருக்குத் தெரியவில்லை. அவர் திரும்ப வந்து பாயில் உட்கார்ந்ததே அவருக்குத் தெரியவில்லை. மேளம் கொட்டியது, தர்மன் தாலி கட்டினான், கம்பளிக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு செல்லி மூன்றாவது முடிச்சைப் போட்டாள்.

பந்தி முடிந்து, வெயில் ஏறியபிறகு, இருவரும் வண்டிக்காகப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். செல்லி கம்பளியைக் கழற்றவில்லை. பச்சியப்பன், கேட்டால் கெட்டுப்போகுமோ என்ற பயத்தோடு கேட்டார்.

"அங்க எதுக்கு அப்படிச் சொன்ன?"

"பொய் சொல்லணும்னா நீட்டிச் சொல்லணும். அப்ப என்கிட்ட அவ்வளவு மூச்சு இல்ல" என்றாள் செல்லி.

பச்சியப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். இவ்வளவுதானா என்று இருந்தது. இருந்தாலும் கிடைத்தவரைக்கும் சரி என்று நினைத்துக்கொண்டு வண்டி வருகிறதா என்று சாலையைப் பார்த்தார். செல்லி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துக் கம்பளியை மூடப் போன கை பாதியில் நின்றது.

"இப்ப மூச்சு நல்லா வருதுங்க" என்றாள். "யாராச்சும் வந்து கேக்கச் சொல்லுங்க. எங்க வூட்டுக்காரரு பின்னுனதுன்னு நீட்டியே சொல்றேன்."